பிரிட்டனில் கிறிஸ்துமஸ் லீவு: 25ஆம் தேதி என்ன கிழமை வந்தாலும் கணக்குப் போடுவது எப்படி

புது வருஷக் காலண்டர் கைக்கு வந்ததும் பலர் நேராகப் புரட்டுவது டிசம்பர் பக்கத்தைத்தான். 25 சனிக்கிழமை என்று கண்டால் "போச்சு, ஒரு லீவு வீண்" என்று ஒரு பெருமூச்சு. ஊரில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கு இந்தப் பயம் இயல்புதான். அங்கே பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அந்த லீவை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். பிரிட்டனில் நடைமுறை வேறு. திங்கள் முதல் வெள்ளி வரை வேலை பார்ப்பவருக்கு இங்கே கிறிஸ்துமஸ் எந்தக் கிழமையில் வந்தாலும் மொத்தக் கணக்கு ஒன்றுதான். கிழமை யாரைப் பாதிக்கிறது என்றால், ஷிப்டில் இருப்பவர்களை, வாரத்தில் சில நாள் மட்டும் போகிறவர்களை, புதிதாகச் சேர்ந்தவர்களை. பாதிக்கப்படாதவர்கள் வீணாகக் கவலைப்படுகிறார்கள், பாதிக்கப்படுகிறவர்கள் டிசம்பர் பிறந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கான்ட்ராக்டை எடுங்கள், காலண்டர் அப்புறம்

பேங்க் ஹாலிடே, அதாவது அதிகாரபூர்வப் பொது விடுமுறை, என்றால் சட்டப்படி எல்லோருக்கும் லீவு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அப்படி ஒரு சட்டம் இங்கே கிடையாது. சட்டம் தருவது வருஷத்துக்கு 5.6 வாரச் சம்பள விடுப்பு, அதாவது வாரம் ஐந்து நாள் வேலை செய்கிறவருக்கு 28 நாள். பேங்க் ஹாலிடேக்களை அந்த 28க்குள்ளேயே அடக்கிக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு. அன்று வேலைக்கு வரச் சொல்லவும் அவரால் முடியும், அப்படி வந்தால் கூடுதல் சம்பளம் தரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எல்லாம் கான்ட்ராக்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்ததுதான்.

அதனால் அந்தத் தாளில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, லீவு "பேங்க் ஹாலிடே உட்பட" இத்தனை நாளா, அல்லது "பேங்க் ஹாலிடே தவிர" இத்தனை நாளா. பேங்க் ஹாலிடே உட்பட 28 நாள் என்றால் இங்கிலாந்தின் 8 பேங்க் ஹாலிடே போக உங்கள் கையில் 20தான். பேங்க் ஹாலிடே தவிர 25 நாள் என்றால் மொத்தம் 33. இரண்டு, லீவு வருஷம் எப்போது முடிகிறது: டிசம்பர் 31-லா, மார்ச் 31-லா, அல்லது நீங்கள் சேர்ந்த தேதியிலா. கிறிஸ்துமஸ் திட்டத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பின்னால் சொல்கிறேன். மூன்று, கிறிஸ்துமஸுக்கு அலுவலகத்தையே மூடுகிறார்களா, மூடினால் அந்த நாட்கள் யார் கணக்கில் போகின்றன. பல கம்பெனிகள் 25 முதல் புத்தாண்டு வரை கதவைச் சாத்திவிட்டு, நடுவில் வரும் வேலை நாட்களை உங்கள் லீவிலிருந்து கழித்துவிடுவார்கள். அது சட்டப்படி சரியே. ஆனால் எத்தனை நாள் லீவு எடுக்கச் சொல்கிறார்களோ அதன் இரண்டு மடங்கு நாள் முன்னால் அறிவிக்க வேண்டும். மூன்று நாள் மூடுவதென்றால் குறைந்தது ஆறு நாள் முன்பு.

மூன்று, ஏழு: இந்த இரண்டு எண்கள் போதும்

25ஆம் தேதியும் ஜனவரி 1ஆம் தேதியும் சரியாக ஏழு நாள் இடைவெளியில் வருவதால் இரண்டும் எப்போதும் ஒரே கிழமை. ஒவ்வொரு வருஷமும் கிழமை ஒன்று தள்ளும், லீப் வருஷத்தில் இரண்டு தள்ளும். 2026-ல் வெள்ளி, 2027-ல் சனி, 2028 லீப் என்பதால் ஞாயிறைத் தாண்டித் திங்கள், 2029-ல் செவ்வாய், 2030-ல் புதன், 2031-ல் வியாழன், 2032 மறுபடி லீப், அதனால் சனி, 2033-ல் ஞாயிறு.

இங்கே கிறிஸ்துமஸைச் சுற்றி மூன்று பேங்க் ஹாலிடே: 25, பாக்ஸிங் டே எனப்படும் 26, ஜனவரி 1. இவற்றில் எது சனி ஞாயிறில் விழுந்தாலும் அடுத்து வரும் வேலை நாள் ஒன்று அதற்கு மாற்று நாளாகக் கிடைக்கும். 2026-ல் 26 சனி, ஆகவே 28 திங்கள் லீவு. 2027-ல் 25 சனி, 26 ஞாயிறு, ஆகவே 27 திங்களும் 28 செவ்வாயும் லீவு, அதே போல ஜனவரி 1 சனி என்பதால் 3 திங்கள் லீவு. 25 ஞாயிறாக வந்தால் 26 திங்கள் அதன் பாட்டுக்கு பாக்ஸிங் டே, 25க்கான மாற்று 27 செவ்வாய்க்குப் போகும். 2022-ல் இதுதான் நடந்தது.

இதன் விளைவைக் கவனியுங்கள். எந்த வருஷத்தை எடுத்து எண்ணினாலும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் புத்தாண்டு விடுமுறைக்கும் நடுவில் வேலை நாட்கள் சரியாக மூன்றுதான். 2025-ல் 29, 30, 31. 2026-ல் 29, 30, 31. 2028-ல் 27, 28, 29. 2030-ல் 27, 30, 31. மூன்று கூடவும் கூடாது, குறையவும் குறையாது. என் நினைவுக்கு எட்டிய வரை இந்த விதி உடைந்தது 1999-ல். புத்தாயிரம் என்று சொல்லி டிசம்பர் 31 வெள்ளிக்கிழமையையும் சிறப்பு பேங்க் ஹாலிடே ஆக்கினார்கள். 27, 28 மாற்று நாட்கள், 31 சிறப்பு நாள், ஜனவரி 3 மாற்று நாள் என்று போக அந்த இடைவெளியில் 29, 30 இரண்டே வேலை நாள்.

அடுத்த எண் ஏழு. இந்த மூன்று பேங்க் ஹாலிடேயும் எப்போதும் அடுத்தடுத்த இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு வாரத்துக்குப் பத்து வேலை நாள், அதில் மூன்று போக ஏழு. ஏழு நாள் லீவு போட்டால் முன்னும் பின்னும் வரும் சனி ஞாயிறோடு தொடர்ச்சியாக 16 நாள் வீட்டில். இது 2026-லும் உண்மை, சனியில் வரும் 2027-லும் உண்மை, "நடு வாரத்தில் வந்துவிட்டது" என்று அலுத்துக்கொள்ளும் 2030-லும் உண்மை. எந்த வருஷமும் லாப வருஷமும் இல்லை, நஷ்ட வருஷமும் இல்லை.

மாற்று நாள் எல்லாம் ஒரே மாதிரி சட்டத்திலிருந்து வருவதில்லை என்பது ஒரு வேடிக்கை. 1871-ல் முதல் பேங்க் ஹாலிடே சட்டம் வந்தபோது பாக்ஸிங் டே இங்கிலாந்துப் பட்டியலில் இருந்தது, புத்தாண்டு இல்லை. ஜனவரி 1 இங்கிலாந்தில் பேங்க் ஹாலிடே ஆனதே 1974-ல்தான், அதற்கு முன் புத்தாண்டு அன்று காலையில் எழுந்து வேலைக்குத்தான் போனார்கள். இப்போது நடப்பில் இருப்பது 1971-ஆம் வருஷச் சட்டம். 25 அல்லது 26 ஞாயிறு என்றால் 27 லீவு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சனிக்கிழமைக்கான மாற்று நாளும், ஜனவரி 1ம், அரச பிரகடனம் மூலம் வருகின்றன. நமக்கு அதனால் வித்தியாசம் எதுவும் இல்லை, அரசின் இணையதளத்தில் தேதிகள் வெகு முன்பே போட்டுவிடுவார்கள்.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு ஜனவரி 2ம் பேங்க் ஹாலிடே. அங்கே 1958 வரை கிறிஸ்துமஸ் பொது விடுமுறையாகவே இல்லை, கொண்டாட்டமெல்லாம் புத்தாண்டுக்குத்தான், அந்தப் பழக்கத்தின் மிச்சம் இது. பெரும்பாலான வருஷங்களில் அவர்களுக்கு 16 நாளுக்கு ஆறே லீவு போதும். ஆனால் அங்கே எல்லா முதலாளிகளும் பேங்க் ஹாலிடே பட்டியலை அப்படியே பின்பற்றுவதில்லை, உள்ளூர் விடுமுறைகள் வேறு உண்டு, அதனால் கான்ட்ராக்ட்தான் பேசும்.

குடும்பம் நான்கு நாட்டில் சிதறிக் கிடப்பவர்கள் ஒன்று கவனிக்கவும். ஜெர்மனியில் இருக்கும் அக்காவுக்கு மாற்று நாள் என்ற சலுகையே கிடையாது. 25, 26 இரண்டும் அங்கே விடுமுறைதான், ஆனால் 2027-ல் அவை சனி ஞாயிறு, அடுத்த ஜனவரி 1ம் சனி, மூன்றும் அப்படியே போச்சு. நீங்கள் மூன்று நாள் லீவு போட்டு எடுக்கும் அந்த வாரத்துக்கு அவர் ஐந்து நாள் போடவேண்டும். அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியருக்கு சனிக்கிழமை விழுந்தால் முந்தைய வெள்ளி, ஞாயிறு விழுந்தால் அடுத்த திங்கள். சிங்கப்பூரில் ஞாயிறு என்றால் திங்கள் தானாகவே விடுமுறை. எல்லோரும் ஒரே நாளில் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கூடுவது என்று முடிவு செய்யும் முன் அவரவர் கணக்கை அவரவர் சொல்லட்டும்.

வால் எந்தப் பக்கம்?

மொத்தம் ஏழுதான் என்றால் கிழமை எதை மாற்றுகிறது? அந்த ஏழில் எத்தனை கிறிஸ்துமஸுக்கு முன்னால், எத்தனை புத்தாண்டுக்குப் பின்னால் என்பதை.

நடுவில் இருக்கும் மூன்று நாளை எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் நான்கு, அதைத்தான் வால் என்கிறேன். 2026 போல வெள்ளியில் வந்தால் அந்த நான்கும் முன்பக்கம், டிசம்பர் 21 முதல் 24 வரை. 19 சனி முதல் ஜனவரி 3 ஞாயிறு வரை 16 நாள். சனி, ஞாயிறு, திங்களில் வந்தால் நான்கும் பின்பக்கம்: 2027-ல் என்றால் ஜனவரி 4 முதல் 7 வரை. செவ்வாயில் வந்தால் முன்னால் ஒன்று, பின்னால் மூன்று. புதனில் இரண்டு இரண்டு. வியாழனில் முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. இந்த வியாழன் அமைப்பு எனக்குப் பிடித்தது. 25 முதல் புத்தாண்டுக்கு அடுத்து வரும் ஞாயிறு வரை 11 நாள், அதற்கு நான்கே லீவு.

இங்கேதான் லீவு வருஷம் முடியும் தேதி நுழைகிறது. உங்கள் லீவு வருஷம் டிசம்பர் 31-ல் முடிகிறது என்றால் முன்பக்க வால் பழைய வருஷக் கணக்கில் போகும், பின்பக்க வால் புது வருஷக் கணக்கில் போகும். அக்டோபரில் ஊருக்குப் போய் லீவையெல்லாம் தீர்த்துவிட்டவருக்கு 2026 கஷ்டமான வருஷம், ஏனென்றால் ஏழு நாளும் பழைய கணக்கிலிருந்துதான் வரவேண்டும். அவருக்கே 2027 தோதானது, மூன்று பழையதில், நான்கு புதியதில். மாறாக, கையில் லீவு மிஞ்சிக் கிடந்து அடுத்த வருஷத்துக்கு எடுத்துப்போக விடமாட்டேன் என்கிற கம்பெனியில் இருப்பவர் 2026-ன் முன்பக்க வாலைப் பிடித்துக்கொள்ளலாம். மார்ச் 31-ல் வருஷம் முடிகிறவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

24ஆம் தேதி பேங்க் ஹாலிடே இல்லை, 31ம் இல்லை. மதியத்தோடு அனுப்பிவிடுவது பல அலுவலகங்களில் வழக்கம், உரிமை கிடையாது. நம் தேவாலயங்களில் 24 இரவு ஆராதனையும் 31 இரவு ஆராதனையும்தான் முக்கியம், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 26ஐ விட இந்த இரண்டு சாயங்காலங்களும் பெரிது. 24 ஷிப்ட் இரவு எட்டு வரை என்றால் அதை முன்கூட்டியே கேட்டு மாற்றுங்கள், பாதி நாள் லீவு தருகிறார்களா என்று கேளுங்கள், "எப்படியும் சீக்கிரம் விட்டுவிடுவார்கள்" என்று நம்பி உட்காராதீர்கள்.

வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேலை என்றால்

இவர்களுக்குத்தான் கிழமை உண்மையிலேயே விளையாடுகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நாட்களில் மட்டும் வேலைக்குப் போகும் அம்மாக்கள் இதில் நிறையப் பேர். கணக்கு தெரியாததால் கிடைப்பதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

வாரம் மூன்று நாள் என்றால் சட்டப்படி 5.6 பெருக்கல் 3, அதாவது 16.8 நாள். நியாயமான கம்பெனி இதில் பேங்க் ஹாலிடே பங்கையும் விகிதப்படி பிரித்துக் கொடுக்கும்: 8 நாளில் ஐந்தில் மூன்று பங்கு, 4.8 நாள். திங்கள், செவ்வாய், புதன் வேலை செய்கிற ஒருவரையும் புதன், வியாழன், வெள்ளி வேலை செய்கிற ஒருவரையும் 2027-ல் வைத்துப் பாருங்கள். அந்த வருஷத்து பேங்க் ஹாலிடேக்கள்: ஜனவரி 1 வெள்ளி, மார்ச் 26 புனித வெள்ளி, மார்ச் 29 திங்கள், மே 3 திங்கள், மே 31 திங்கள், ஆகஸ்ட் 30 திங்கள், டிசம்பர் 27 திங்கள், 28 செவ்வாய். முதலாமவரின் வேலை நாளில் ஆறு விழுகின்றன. அவருக்கு ஒதுக்கியது 4.8. ஆகவே 1.2 நாளை சொந்த லீவிலிருந்து கொடுக்கவேண்டும். இரண்டாமவருக்கு விழுவது இரண்டுதான், 2.8 நாள் கையில் மிச்சம், அதை அவர் விரும்பிய நாளில் எடுக்கலாம். இருவருக்கும் மொத்தம் சமம்தான், ஆனால் முதலாமவர் இதை டிசம்பரில் வந்து தெரிந்துகொண்டால் "என் லீவு எங்கே போச்சு" என்று சண்டைதான் வரும். ஜனவரியிலேயே அந்த ஆறு நாளைக் கழித்து வைத்துவிடவேண்டும்.

சில இடங்களில் விகிதம் எதுவும் பார்க்காமல் "உங்கள் வேலை நாளில் விழுந்தால் லீவு, விழாவிட்டால் இல்லை" என்று நடத்துகிறார்கள். வியாழன், வெள்ளி மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு இதில் நஷ்டம் அதிகம். பகுதி நேரம் என்பதற்காக ஒருவரை மட்டமாக நடத்தக்கூடாது என்று 2000-ஆம் வருஷத்திலிருந்து தனி விதிகள் இருக்கின்றன, கேட்பதற்கு இடம் உண்டு. வேலை உரிமைகள் பற்றி ஆலோசனை தரும் ஏகாஸ் என்ற அமைப்பின் உதவி எண்ணில் பேசினால் உங்கள் கணக்கைக் கேட்டு வழி சொல்வார்கள்.

ஷிப்ட், ரோட்டா, கேர் ஹோம், கடை

2027-க்கு இப்போதே ஒரு கேள்வியைக் கேட்டு வையுங்கள்: "கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வரும்போது கூடுதல் சம்பளம் 25க்கா, 27க்கா?" 25 அன்று வேலை பார்ப்பவர் அதுதான் பண்டிகை நாள் என்று நினைப்பார். சம்பளப் பிரிவு பேங்க் ஹாலிடே பட்டியலைப் பார்த்து 27க்குப் போடும். சில இடங்களில் 25, 26க்கு மட்டும் தருவார்கள், சில இடங்களில் மாற்று நாளுக்கு மட்டும், தாராளமான சில இடங்களில் இரண்டுக்கும். இதற்குப் பொதுச் சட்டம் எதுவும் இல்லை, அவரவர் கான்ட்ராக்டும் கொள்கையும்தான். ரோட்டா, அதாவது யாருக்கு எந்த ஷிப்ட் என்ற பட்டியல், போடும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வைப்பது நல்லது, வாய்வார்த்தை ஜனவரி சம்பளச் சீட்டில் வராது.

இங்கிலாந்தின் என்.ஹெச்.எஸ்.ஸில் டாக்டர்கள் அல்லாத ஊழியர்களுக்கு நிலைமை தெளிவு. சேரும்போது 27 நாள், ஐந்து வருஷம் முடிந்ததும் 29, பத்து முடிந்ததும் 33, இவற்றோடு பொது விடுமுறை 8. பொது விடுமுறையில் வேலை பார்த்தால் நான்காம் பேண்ட் (சம்பளப் படி) முதல் ஒன்பது வரை 60 சதவீதம் கூடுதல், கீழ்ப் பேண்டுகளுக்கு விகிதம் இன்னும் அதிகம். அதோடு வேலை செய்த நேரத்துக்கு ஈடாக வேறொரு நாள் ஓய்வும் உண்டு. இந்த ஈடு நாளைக் கேட்டு வாங்காமல் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். தனியார் கேர் ஹோமில் இருப்பவர்களுக்கு இவை எதுவும் தானாக வராது. அங்கே கிறிஸ்துமஸ் அன்றும் வழக்கமான மணிக்கூலிதான் என்றால் அது சட்டவிரோதம் ஆகாது, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகாத வரை.

கடைகளில் ஒரு சின்னக் கணக்கு. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டிசம்பர் 25 அன்று திறக்கக்கூடாது, 2004-ஆம் வருஷச் சட்டம். அதே அளவுக் கடைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10க்கும் மாலை 6க்கும் நடுவில் ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். 2027-ல் பாக்ஸிங் டே ஞாயிறு என்பதால் தள்ளுபடி விற்பனை நாளிலும் இந்தக் கட்டுப்பாடு இருக்கும், ஷிப்ட் நேரம் குறையும், அந்த நாளின் கூலியை நம்பி இருப்பவர்கள் கவனிக்கவும். நம்மவர்கள் நடத்தும் தெருமுனைக் கடைகள் அந்த அளவுக்குக் கீழே என்பதால் கிறிஸ்துமஸ் அன்றும் திறந்திருக்கும். உறவினர் கடையில் நிற்கிறவர் என்றாலும் 5.6 வார லீவு உங்களுக்கும் உண்டு. "வீட்டு ஆள்தானே" என்று விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம், ஆனால் உரிமை இருப்பதைத் தெரிந்துகொண்டு விட்டுக்கொடுங்கள்.

இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தீர்களா?

முதல் வருஷத்தில் லீவு மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சேரும் முறையைப் பல முதலாளிகள் வைத்திருக்கிறார்கள். அக்டோபர் 1 சேர்ந்து, லீவு வருஷம் டிசம்பரில் முடிகிறது, மொத்தம் 28 உட்பட என்றால் மூன்று மாதத்துக்கு ஏழு நாள். 2026-ல் டிசம்பர் 25க்கும் 28க்கும் அதில் இரண்டு போகும். அலுவலகம் மூன்று நாள் மூடினால் அதுவும் போகும். மிச்சம் இரண்டு. சேர்ந்த உடனே டிசம்பருக்கு ஊருக்கு டிக்கெட் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சம்பளமில்லா விடுப்பு கேட்கலாமே என்றால், கேட்கலாம். ஆனால் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர் ஒரு காலண்டர் வருஷத்தில் மொத்தம் நான்கு வாரத்துக்கு மேல் சம்பளமில்லாமல் இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, ஸ்பான்சர்ஷிப்புக்கே ஆபத்து. கணக்கு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. டிசம்பரில் இரண்டு வாரம், ஜனவரியில் இரண்டு வாரம் என்று பிரிந்தால் அவை இரண்டு தனி வருஷங்களில் விழும். இருந்தாலும் ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு செய்வதுதான் புத்திசாலித்தனம்.

கேட்கும் முறை

சட்டப்படி நீங்கள் எத்தனை நாள் லீவு கேட்கிறீர்களோ அதன் இரண்டு மடங்கு நாள் முன்னால் சொல்லவேண்டும். மறுக்க நினைக்கும் மேனேஜர், லீவு தொடங்குவதற்கு அந்த லீவின் நீளம் அளவுக்காவது முன்னால் மறுப்பைச் சொல்லவேண்டும். நான்கு நாள் கேட்டால் எட்டு நாள் முன்பு நீங்கள், நான்கு நாள் முன்பு அவர். கான்ட்ராக்ட் இதை மாற்றியிருக்கலாம். ஆனால் கிறிஸ்துமஸுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். கோடையிலேயே பாதி டீம் பெயர் கொடுத்துவிட்டிருக்கும். ஆகஸ்டில் கேட்டுவிடுங்கள், எழுத்தில் ஒப்புதல் வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

கேட்கும்போது நடு மூன்றையும் வாலையும் தனித்தனியாகக் கேட்பது என் பழக்கம். 16 நாளை ஒரே மொத்தமாகக் கேட்டால் "முடியாது" என்பது சுலபமான பதில். முன்பக்க நான்கு நாளை ஒரு விண்ணப்பமாகவும் நடு மூன்றை இன்னொன்றாகவும் வைத்தால் ஒன்றாவது தேறும். முதலில் வந்தவருக்கு முதல் என்ற முறையா, போன வருஷம் வேலை பார்த்தவருக்கு முன்னுரிமையா என்பதையும் கேட்டு வையுங்கள். "பிள்ளை இருப்பவர்களுக்கு முதலில்" என்பது பல இடங்களில் எழுதப்படாத விதி. அதற்குச் சட்ட பலம் எதுவும் கிடையாது.

இந்துக்களும் முஸ்லிம்களும் "நமக்கென்ன, நாம் கிறிஸ்துமஸ் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஷிப்டை ஏற்றுக்கொள்வது ஆஸ்பத்திரிகளில் சகஜம். நல்ல விஷயம்தான், டீமில் மதிப்பும் கூடும். ஆனால் இனாமாகக் கொடுக்காதீர்கள். தீபாவளி கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருவதால், "தீபாவளிக்கு எனக்கு, கிறிஸ்துமஸுக்கு உங்களுக்கு" என்று செப்டம்பரிலேயே மாற்றிக்கொள்ளலாம். ரம்ஜான், பக்ரீத் தேதிகள் வருஷா வருஷம் முன்னால் நகர்வதால் அடுத்த வருஷத் தேதியைப் பார்த்துச் சொல்லவேண்டும். பொங்கல் கேட்கிறவர் ஜனவரி ரோட்டா வரும் வரை காத்திருந்தால் மேனேஜர் மறந்திருப்பார். மூன்றுக்கும் மின்னஞ்சல் இருக்கட்டும்.

பயணமும் பள்ளியும்

டிசம்பர் 25 அன்று பிரிட்டனில் ரயில் ஓடாது, லண்டனில் பாதாள ரயிலும் பஸ்ஸும் ஓடாது. 26 அன்றும் ரயில் மிகக் குறைவு, அந்த வாரம் முழுக்கத் தண்டவாள வேலை நடக்கும் தடங்கள் உண்டு. 25 அன்று புறப்படும் விமானத்தின் விலை முந்தைய வாரத்தை விடப் பெரும்பாலும் குறைவு என்பதைப் பார்த்து மயங்குகிறவர்கள் விமான நிலையத்துக்கு எப்படிப் போவது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடவும். டாக்ஸி அன்று இரட்டிப்புக்குக் கூடக் கேட்பான்.

பிள்ளைகள் இருந்தால் உங்கள் லீவைத் தீர்மானிப்பது காலண்டர் அல்ல, கவுன்சில் வெளியிடும் பள்ளித் தேதிகள். பொதுவாக இரண்டு வாரம், ஜனவரி முதல் வாரத்தில் திறந்துவிடும். "பொங்கலைப் பார்த்துவிட்டு வருகிறோமே" என்றால் அது பள்ளி நாட்களைத் தின்னும். இங்கிலாந்தில் பத்து வாரத்துக்குள் அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாள் தவறினால் அபராதம் பற்றி யோசிக்கவேண்டிய எல்லை வந்துவிடும். 2024 ஆகஸ்ட் முதல் ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர் என்றால் நான்கு அபராதம். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

சம்பளம் எந்த நாள் வரும்

பல கம்பெனிகள் டிசம்பர் சம்பளத்தைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே போட்டுவிடும். கை நிறைந்தது போல இருக்கும், ஆனால் அடுத்த சம்பளம் ஜனவரி கடைசியில், நடுவில் ஐந்து ஆறு வாரம். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: சம்பளம் முன்கூட்டி வருவதால் ஒரே மதிப்பீட்டு மாதத்தில் இரண்டு சம்பளம் விழுந்தால் அந்த மாத உதவி குறைந்துவிடும் அல்லது நின்றே போகும். மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒரு சம்பளத்தை வேறு மாதத்துக்கு மாற்றிக் கணக்கிட 2020 நவம்பரிலிருந்து வழி இருக்கிறது. தானாக நடக்காவிட்டால் உங்கள் யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் ஜர்னலில் எழுதிக் கேளுங்கள்.

வங்கிப் பக்கமும் பாருங்கள். சம்பளமும் டைரக்ட் டெபிட்டும் போகும் பேக்ஸ் முறை பேங்க் ஹாலிடேயில் இயங்காது. 2026-ல் 25 வெள்ளி முதல் 28 திங்கள் வரை தொடர்ந்து நான்கு நாள் அது மூடல். அந்த நாட்களில் எடுக்கவேண்டிய வாடகை, மின்சாரம், போன் பில் எல்லாம் 29 செவ்வாய் அன்று ஒரே மூச்சில் கணக்கிலிருந்து போகும், ஆகவே பாக்ஸிங் டே விற்பனைக்குப் போகும் முன் அந்தத் தொகையைக் கூட்டி ஒதுக்கி வையுங்கள். அதே போல ஜனவரி 1 முதல் 3 வரை எடுக்கவேண்டியவை 4ஆம் தேதி திங்களன்று போகும்.